வளைந்த கீறல்

“எல்லாரும் இறங்குங்க” என்றார் அவர், வாசல் கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்தி.

எல்லாரும் என்றால் அவர் மனைவி ஒருத்திதான். ஆனாலும் அவர் அப்படித்தான் சொல்வார். தெருவுக்குப் புதிதாகத் தார் போட்டபோது சாலை உயர்ந்துபோய், கேட்டை ஒட்டி ஒரு மேடு முளைத்துவிட்டது. முதல் தடவை ஏறி இறங்கியபோது காரின் அடிப்பாகம் ‘கர்ர்ர்’ என்று தேய்ந்தது. தன் முதுகுத்தண்டிலேயே யாரோ அரம் வைத்து ராவியது போல அவர் துடித்துப்போனார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். மேடு வந்தால் ஓட்டுகிறவரைத் தவிர அத்தனை பேரும் இறங்கவேண்டும். காலி வண்டி மேட்டைத் தாண்டும். அப்புறம் ஏறிக்கொள்ளலாம்.

விருந்தாளி என்றும் பார்க்கமாட்டார். ஒருமுறை அவருடைய மேலதிகாரி மனைவியோடு சாப்பிட வந்தார். அவர்களையும் இறக்கி நடக்கவிட்டார். அந்த அம்மாள் குதிகால் செருப்போடு மேட்டில் தள்ளாடியதை மகள் நடித்துக் காட்டினால் இன்றைக்கும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

அவள் இறங்கினாள். கார் தாண்டியது. பின்னாலேயே நடந்து வந்தவள் கேட்டாள்:

“நான் ஒருத்தி உக்காந்திருந்தா வண்டி தரை தட்டிடுமா? நான் என்ன சிமென்ட் மூட்டையா?”

“மூட்டைன்னா பேசாம இருக்குமே.”

இதற்கு நல்ல பதில் ஒன்று அவள் நாக்கு நுனியில் இருந்தது. உள்ளே தொலைபேசி அடிக்கவே ஓடிவிட்டாள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான்.

அன்று பிற்பகல் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஏதோ வேலையாக வந்திருந்த அவர் தம்பிதான் காரை எடுத்தான். பின்சீட்டில் அவள் தோளில் அவர் தலை. கேட்டைத் தாண்டும்போது அந்த நிலையிலும் அவர் கையை லேசாக உயர்த்தி, “இறங்கு” என்றார்.

அவள் இறங்கிவிட்டாள்.

நெஞ்சுவலிக்காரர் சொன்னார் என்று யாராவது காரை விட்டு இறங்குவார்களா? அந்த வீட்டில் இறங்குவார்கள். கால் தானாக இறங்கியது. உடனே ஏறிவிடலாம் என்று கதவை ஒருக்களித்து மட்டும் விட்டாள். வண்டி சத்தமில்லாமல் மேட்டைத் தாண்டியது. தெருவில் ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. அவள் ஓடி வந்து எட்டிப் பிடிப்பதற்குள் கிளம்பித் தெருமுனையில் மறைந்துவிட்டது.

கைப்பேசி வீட்டுக்குள். அதை எடுத்து, அழைத்து, யாரும் எடுக்காமல், வாடகை வண்டி ஒன்றைப் பிடித்து அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொழுந்தன் சுவரோடு சுவராக நின்றிருந்தான். ஏன் என்னை விட்டுவிட்டுப் போனாய் என்று அவள் கேட்கவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை.

* * *

மகள் கார் சாவியைக் கேட்ட நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேரவேண்டும். அப்பாவின் காரிலேயே போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவ்வளவு தூரம் தனியாக ஓட்டியதில்லை என்பதால் சித்தப்பாவைத் துணைக்கு அழைத்துப்போகிறேன் என்றும் சொன்னாள். அம்மா முதலாவதற்குத் தலையாட்டினாள். இரண்டாவதற்கு, “வேண்டாம்” என்றாள். ஏன் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை உறையை உருவிவிட்டு மகள் காரைக் கிளப்பினாள். அரை அடி நகர்ந்ததும் அடியில் ஏதோ தரையில் இழுபடும் சத்தம்.

மகள் குனிந்து பார்த்தாள். “அம்மா, கறுப்பா ஒரு பிளாஸ்டிக் தொங்குது.”

“தொங்கட்டும். வேற யாரையாவது கூப்பிடு.”

“சித்தப்பாவக் கூப்பிட்டாச்சு.”

அடுத்த வீட்டுச் சுவரோரம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவன் போல அவன் வந்து சேர்ந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஊரான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவன் போகிற வேகத்தைப் பார்த்து, அவனுக்கு ‘ஆமை’ என்று பெயர் வைத்ததே அண்ணன்தான். வேகத்தடைக்கு முன்னால் நின்று, யோசித்து, அப்புறம்தான் ஏறுவான். பிள்ளைகளுக்கும் அவன் ஆமை மாமா.

“சித்தப்பாவுக்குக் காபி வேணுமான்னு கேளு” என்றாள் அவள் மகளிடம். அவன் நாலடி தூரத்தில் நின்றிருந்தான்.

“வேணாம்னு அண்ணிகிட்ட சொல்லு.”

“ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன போஸ்ட் ஆபீஸா?” மகள் கம்பியால் அந்தத் தகட்டைக் கட்டிக்கொண்டே கத்தினாள். “ஏறுங்க. ஒர்க் ஷாப்புக்குப் போறோம்.”

மகள் ஓட்டினாள். மேடு வந்ததும் யாரும் சொல்லாமலே இருவரும் இறங்கினார்கள். காலி வண்டிக்குப் பின்னால், ஆளுக்கொரு ஓரமாக, சண்டை போட்ட புதுத் தம்பதி மாதிரி நடந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார்.

* * *

ஒர்க் ஷாப்பில் காரை நாலு கைகள் கொண்ட தூக்கியில் நிறுத்தி, பொத்தானை அழுத்தினார்கள். கார் மெல்ல மேலே போயிற்று. தலைக்கு மேல் போனதும் நின்றது.

அவள் இதுவரை அதன் அடிப்பக்கத்தைப் பார்த்ததில்லை. கணவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதில் மல்லாந்து படுத்து உள்ளே நுழைந்துவிடுவார். வெளியே இரண்டு கால் மட்டும் தெரியும். அந்தக் காலிடம்தான் அவள் குடும்ப விஷயம் எல்லாம் பேசுவாள்.

மெக்கானிக் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“இது என்ன மேடம், ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற பெயின்டா?”

“வீட்டுல மிச்சம் இருந்துச்சு. அவர்தான் பூசினாரு.”

“நல்ல வேளை, சுவருக்கு அடிக்கிறது மிச்சம் இல்ல.”

மகள் சிரித்தாள். அவளுடைய கைப்பேசி அடித்தது. புது ஊரில் தங்கப்போகிற அறையைப் பற்றி. “சிக்னல் இல்ல, வெளிய போறேன்” என்று கிளம்பிவிட்டாள்.

மெக்கானிக் தொங்கிய தகட்டை அவிழ்த்துக் கீழே போட்டார். என்ஜினுக்கு அடியில் சேறு தெறிக்காமல் காக்கிற பிளாஸ்டிக் கவசம். அதன் பாதியைக் காணவில்லை. அடுத்து என்ஜின் ஆயில் தேங்கும் சட்டியை விரலால் தடவினார். “நசுங்கல. கசிவும் இல்ல. தப்பிச்சுது” என்றார். “ஆனா தகரம் தெரியுற இடமெல்லாம் துரு வந்துடுச்சு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, பிரைமர் வச்சு, மேல ரப்பர் கோட்டிங் அடிக்கணும். இல்லேன்னா அடுத்த மழையில அரிச்சுடும். பிரஷ் எடுத்துட்டு வர்றேன்.”

அவர் போய்விட்டார்.

அவள் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அவளுக்குச் சலவைக் கடை முகப்பில் வேலை. எந்தத் துணியையும் சும்மா வாங்கிப் போட்டுக்கொள்ளமாட்டாள். விரித்துப் போட்டு, கறையைப் பார்த்து, “இது எப்படிப் பட்டது?” என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டுக் கட்டுவாள். காபி என்று சொல்வார்கள், மையாக இருக்கும். துருப்பிடித்த ஆணி என்று சொல்வார்கள், ரத்தமாக இருக்கும். எப்படிப் பட்டது என்று தெரியாமல் எதைப் போட்டு எடுப்பது? அந்தப் பழக்கத்தில்தான் இப்போதும் பார்த்தாள்.

வாசல் மேட்டில் பட்ட கீறல்கள் தெரிந்தன. பழையவை. முன்னாலிருந்து பின்னாகக் கோடு போட்டாற்போல நேராக. அவற்றின் மேல் ஜன்னல் பெயின்ட். சிலதுக்கு இரண்டு பூச்சு.

ஆனால் ஒன்று அப்படி இல்லை. மற்ற எல்லாவற்றையும்விட அகலமாக, ஆழமாக, நேராகத் தொடங்கி நடுவில் ஒரு பக்கமாக வளைந்து போயிருந்தது. அதன் மேல் பெயின்ட் இல்லை. பள்ளத்துக்குள் சிமென்ட் தூளோடு சேர்ந்து மஞ்சளாக எதுவோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். சாலை நடுவே கட்டுகிற திட்டுக்குப் பூசுவார்களே, அந்த மஞ்சள்.

வாசலில் மஞ்சள் ஏது?

அவள் திரும்பினாள். கொழுந்தன் காரைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த உடைந்த தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் போனதற்குப் பிறகு முதல் தடவையாக அவள் அவனிடம் நேராகப் பேசினாள்.

“தம்பி, இது திரும்பும்போது பட்டதா?”

அவன் தகட்டைக் காலால் திருப்பிப் போட்டான்.

“உன்னைத்தான். அன்னைக்கு அப்புறம் இந்த வண்டிய யாரும் எடுக்கல. நீதான் ஓட்டிட்டுப் போன. ஆஸ்பத்திரி நேர் ரோடு. எங்க திரும்புன?”

பக்கத்துத் தூக்கியில் யாரோ சக்கரத்தைக் கழற்றுகிற இரைச்சல். அது ஓயும் வரை அவன் காத்திருந்த மாதிரி இருந்தது. ஓய்ந்ததும் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான், திரும்பவும் துடைத்தான்.

“தண்ணித் தொட்டி முக்குல அண்ணி.”

“அங்க திரும்ப வழியே இல்லையே. நடுவுல திட்டு இருக்கு.”

“திட்டு மேலதான் ஏத்தினேன்.”

“நீயா?” அவளால் நம்ப முடியவில்லை. “வேகத்தடையக் கும்பிட்டுட்டு ஏறுறவன், நீயா?”

“அண்ணன் கேட்டாரு” என்றான். “ ‘எங்கடா அவ’ன்னு கேட்டாரு. நான் கண்ணாடியில பாக்குறேன், பின்சீட்ல நீங்க இல்ல. அப்பத்தான் எனக்கே தெரியும். சத்தியமா அதுவரைக்கும் தெரியாது அண்ணி.”

“எப்படித் தெரியாம இருக்கும்? நான் இறங்குனேனே!”

“இறங்குனது தெரியும். மேட்டைத் தாண்டினதும் நின்னேன். உங்களுக்காகத்தான் நின்னேன். பின்னால கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. ஏறிட்டீங்கன்னு கிளப்பிட்டேன்.”

“நான் கதவைச் சாத்தவே இல்லையே. ஒருக்களிச்சுல்ல விட்டேன்.”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. அவனுக்கும்.

சரியாகச் சாத்தாத கதவு என்றால் அவருக்கு ஆகாது. அலமாரிக் கதவு, குளிர்சாதனப் பெட்டிக் கதவு, அடுத்தவர் வீட்டு வாசல் கதவு என்று எதுவானாலும் போகிற போக்கில் இழுத்துச் சாத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். பக்கத்தில் ஒரு கதவு ஆடிக்கொண்டிருந்தால் நெஞ்சுவலியோடும் அந்தக் கை சும்மா இருந்திருக்காது.

அவள் ஓரடி நகர்ந்து பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். உட்கார முடியாமல் உடனே எழுந்தாள். தூக்கியின் ஒரு தூணிலிருந்து மறு தூணுக்கு நடந்தாள், திரும்பினாள்.

“அப்புறம்?”

“திருப்பினேன். முன்சக்கரம் ஏறிடுச்சு, வண்டி அப்படியே திட்டு மேல உக்காந்துடுச்சு. முன்னாலயும் போகல, பின்னாலயும் வரல. ரோட்ல போனவங்க சேந்து பின்னால தள்ளிவிட்டாங்க. அதுக்குள்ள…” அவன் கை எதையோ அளப்பது போல அந்தரத்தில் நின்றது. “அதுக்குள்ள அண்ணன் பேச்சு நின்னுடுச்சு. உங்களக் கூப்பிட வர்றதா, ஆஸ்பத்திரிக்குப் போறதா? நேராப் போயிட்டேன்.”

“எவ்வளவு நேரம் போச்சு?”

“தெரியல.”

“ஓட்டுறவனுக்கு நேரம் தெரியாதா?”

“தெரியல அண்ணி! பாக்கல!” அவன் குரல் உயர்ந்து உடைந்தது. பக்கத்தில் சக்கரம் கழற்றியவர் திரும்பிப் பார்த்தார். அவன் தணிந்தான். “டாக்டர்கிட்ட கேட்டேன். கொஞ்சம் முன்னால வந்திருந்தா ஏதாவதுன்னு. சொல்ல முடியாதுன்னாரு. காப்பாத்தியிருக்க முடியும்னு சொல்லியிருந்தாக்கூடத் தேவலை. முடியாதுன்னு சொல்லியிருந்தாலும் சரி. இப்படிச் சொன்னா மனுஷன் என்ன பண்றது? வேன் ஓட்டும்போதெல்லாம் அந்த முக்கு வந்தா தானா பிரேக் போட்டுடுறேன். பிள்ளைங்க ‘என்ன மாமா’ங்குது.”

“ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“என்னன்னு சொல்றது? உங்களுக்காகத் திரும்பப் போய்த்தான் நேரம் போச்சுன்னா? அதுக்கு நான் உங்கள விட்டுட்டுப் போனேன்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

அவள் அண்ணாந்து அந்தக் கீறலையே பார்த்தாள். அவர் இறங்கச் சொன்னார், இவள் இறங்கினாள். அவர் கதவைச் சாத்தினார், இவன் கிளப்பினான். அவர் தேடினார், இவன் திரும்பினான். எந்த இடத்தில் பிடித்து இழுத்தால் அந்தப் பிற்பகல் அவிழும்? ஒரு முனையும் அகப்படவில்லை.

“நீ விட்டுட்டுப் போனதாவே நெனச்சிட்டிருந்தேன்” என்றாள் கடைசியில். “எனக்கு அது ஒரு விதத்துல சௌகரியமாத்தான் இருந்துச்சு. காலையில எந்திரிச்சா கோவப்பட ஒரு ஆள் இருந்தான். இப்ப நான் என்ன பண்றது, சொல்லு?”

அவன் கீழே கிடந்த தகட்டை எடுத்துச் சுவரோரம் வைத்தான்.

மெக்கானிக் கம்பி பிரஷ்ஷும் டப்பாவுமாக வந்தார். “எல்லாத்தையும் வழிச்செடுத்துட்டு ஒரே கறுப்பா அடிச்சிரவா மேடம்? அடிச்சிட்டா ஒண்ணும் தெரியாது. புதுசு மாதிரி ஆயிடும்.”

ஒன்றும் தெரியாது. அவள் கை தன்னையறியாமல் உயர்ந்தது, வேண்டாம் என்று தடுக்கிறாற்போல. ‘எங்கடா அவ’ என்று அவர் கேட்டதற்கு உலகத்தில் இருந்த ஒரே தடயம் அதுதான். அதையும் தேய்த்துவிடுவதா?

வெளியே மகள் யாரிடமோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது: “இல்லங்க, நான் கார்லயே வந்துடுவேன்.”

கையை இறக்கினாள்.

“அடிச்சிருங்க. துருப்பிடிச்சுதுன்னா பொண்ணு நடுவழியில நிப்பா.”

கொழுந்தன் மெக்கானிக்கிடமிருந்து பிரஷ்ஷைக் கேட்டு வாங்கினான். “சார், சட்டையெல்லாம் ஆயிடும்” என்று அவர் சொன்னதைக் கேட்காமல் காருக்கு அடியில் போய் நின்று, அந்த வளைந்த கீறலில் பிரஷ்ஷை வைத்து அழுத்தித் தேய்த்தான். துருவும் மஞ்சள் தூளும் அவன் முகத்தில் உதிர்ந்தன. கண்ணைத் துடைக்காமல் தேய்த்தான்.

“கண்ணாடி போட்டுக்கிட்டுத் தேய்” என்றாள் அவள். சற்று நேரம் கழித்து, “அங்க விட்டுட்ட. அந்த ஓரம்” என்றாள்.

* * *

கோட்டிங் காய்ந்து, புதுக் கவசம் மாட்டிக் கிளம்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காலையில் ஆளுக்கொரு ஓரமாக நடந்தவர்கள் இப்போது பின்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

“என்ன, போஸ்ட் ஆபீஸ் மூடிட்டாங்களா? சித்தப்பா, ஏன் கண்ணு சிவந்திருக்கு?”

“துரு விழுந்துடுச்சும்மா.”

“அப்ப நாளைக்கு நீங்க வர்றீங்களா? அம்மா, வரட்டுமா?”

அதற்கு அவள், “தண்ணித் தொட்டி முக்கு வழியாப் போ” என்றாள்.

“அது சுத்துவழிம்மா.”

“தெரியும். போ.”

பக்கத்தில் கொழுந்தன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது அவளுக்குக் கேட்டது. மகள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திருப்பினாள். கடைகள் நகர்ந்தன. பேருந்து நிறுத்தம் வந்தது. தினமும் வேலைக்குப் போகும் பேருந்தில் அவள் கடந்துபோகிற இடம்தான்.

“இங்க ஓரமா நிறுத்து.”

நிறுத்தினாள். என்ஜினையும் அணைத்தாள். கண்ணாடியில் இரண்டு முகங்களையும் பார்த்தாள். விளையாட்டு அவள் குரலை விட்டுப் போயிருந்தது.

“அம்மா, அந்த மெக்கானிக் ஏதோ சொன்னாரு. இந்த வண்டி எங்கயோ பெருசா மோதியிருக்குன்னு. அப்பாவுக்குத் தெரிஞ்சா இதை விட்டிருக்கவே மாட்டாரே. எப்ப நடந்துச்சு? யாராவது ஒருத்தர் சொல்லுங்க.”

கொழுந்தன் வாயைத் திறந்தான். அவள் அவன் முழங்கை மேல் கை வைத்தாள்.

“நீ சும்மா இரு. நான் சொல்றேன்.”

எங்கிருந்து தொடங்குவது என்று தேடுகிறவள் போல ஜன்னல் வழியாகச் சாலையின் நடுவைப் பார்த்தாள். திட்டு ஒரே சீராக, மஞ்சளும் கறுப்புமாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை போயிற்று. ஓரிடத்தில் மட்டும் ஒரு கல் வரிசையை விட்டு விலகி, சாலைப் பக்கம் சற்றே துருத்திக்கொண்டிருந்தது. அதை யாரும் இன்னும் உள்ளே தள்ளி வைக்கவில்லை. வண்டிகள் அதற்கு மட்டும் கொஞ்சம் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தன.